நுரைத்துக் கரையும் விற்றமின் சி பிரஷரைக் குறைக்குமா?

கேள்வி:

டொக்டர், எனக்கு 24 வயது. கோப்பாயில் இருக்கிறேன். யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. போன மாதம் அலுவலகத்தில் நடந்த இரத்ததான முகாமுக்குப் போனேன். பிரஷர் 146/94 இருக்குது என்று சொல்லி இரத்தம் எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பாமசியில் பார்த்தேன், 138/92. அம்மாவுக்குக் கனகாலமாகப் பிரஷர். தான் எடுக்கிற லொசார்டன் 50 குளிசையில் பாதியை இரவில் போடு, சரியாகிவிடும் என்கிறா. கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகள் அக்கா வேறு மாதிரிச் சொல்கிறா. இளம் பெண்களுக்கு விற்றமின் சி கூடினால் பிரஷர் குறையும் என்று அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்களாம். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற 1000 மில்லிகிராம் குளிசை நாலு ரியூப் ஒரு ஆளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறா. மூன்று கிழமையாகக் காலையில் ஒன்று குடிக்கிறேன். மாதவிடாய் வலிக்கு மெபெனமிக் அசிட் எடுப்பது வழக்கம். இரண்டு வருடத்தில் 8 கிலோ கூடி இப்போது 66 கிலோ. உயரம் 5 அடி 2 அங்குலம். ஆவணியில் கல்யாணம். இந்த வயதில் பிரஷர் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. விற்றமின் சி போதுமா? அம்மாவின் குளிசையைத் தொடங்கவா?

பதில்:

தங்கச்சி, விளக்கம் பிறகு இருக்கட்டும். இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். அம்மாவின் லொசார்டனைத் தொட வேண்டாம். அக்கா அனுப்பிய நுரைக்கிற குளிசையை நிறுத்திவிடுங்கள்.

லொசார்டன் நல்ல மருந்து. அம்மாவைப் போன்றவர்களுக்கு நாங்கள் நம்பிக் கொடுப்பது. ஆனால் கர்ப்பத்தில் அது ஆபத்து. நாலாம் மாதத்துக்குப் பிறகும் எடுத்துக்கொண்டிருந்தால் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகம் பழுதாகும், பனிக்குட நீர் வற்றும், பிள்ளை தப்பாமலும் போகலாம். எனலாப்ரில், கப்டோப்ரில் குளிசைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதனால்தான் பிள்ளை பெறுகிற வயதில் உள்ள பெண் என்றால் இந்த வகை மருந்தை எழுதுவதற்கு முன் நாங்கள் பலதையும் கேட்கிறோம். உண்மையிலேயே மருந்து தேவைப்பட்டாலும் கர்ப்பத்துக்குப் பாதகமில்லாத நிபெடிபின், லபெற்றலோல், மெதில்டோபா என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை உங்களைச் சோதித்துப் பார்த்த வைத்தியர் முடிவெடுக்க வேண்டும். அம்மாவுக்கும் ஒரு சொல்: கிளினிக்கில் அவருக்கு எண்ணித் தருகிற குளிசை அவருடைய அளவுக்கானது. மகளோடு பங்கு போட்டால் மாதம் முடிய முன்பே அது தீர்ந்துபோகும், கடைசி நாட்களில் அவர் மருந்தில்லாமல் இருப்பார். மகளில் உள்ள பாசத்தில் சொன்னது என்பது விளங்குகிறது. ஆனால் இந்தப் பாசத்தால் இரண்டு பேருக்கும் கெடுதி.

அடுத்து அக்காவின் குளிசை. அது தண்ணீரில் விழுந்ததும் ஏன் நுரைக்கிறது தெரியுமா? அதற்குள் விற்றமின் சியோடு சோடியம் இருகாபனேற்றும் சித்திரிக் அமிலமும் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் இரண்டும் கலந்து வாயு கிளம்புகிறது. சோடியம் இருகாபனேற்று என்றால் வேறொன்றுமில்லை, வீட்டில் இருக்கிற அப்பச் சோடாதான். உப்பில் பிரஷரை ஏற்றுகிற பொருள் எதுவோ, அந்தச் சோடியம் இதிலும் இருக்கிறது. நாக்குக்கு உவர்ப்புத் தெரியாது, தோடம்பழ வாசம் மூடிவிடும். ரியூப்பைத் திருப்பிப் பின்பக்கத்தில் உள்ள சின்ன எழுத்தை வாசித்துப் பாருங்கள். ஒரு குளிசையில் 200, 300 மில்லிகிராம் சோடியம் உள்ளவை விற்பனையில் இருக்கின்றன. ஒரு நாள் முழுவதற்கும் சோடியம் 2000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பாகச் சொன்னால் 5 கிராம், மட்டமாக ஒரு தேக்கரண்டி. காலைச் சாப்பாட்டுக்கு முன்பே அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு கிளாஸ் தண்ணீரில் போய்விடக்கூடும். பிரித்தானியாவில் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளர்களின் பதிவுகளை வைத்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைப் பார்த்தது. சோடியம் கலந்த, கரைத்துக் குடிக்கிற மருந்துகளை அடிக்கடி எடுத்தவர்களுக்கு உயர் குருதியமுக்கம் வருவது மற்றவர்களை விடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. கரைத்துக் குடிக்கிற பரசிற்றமோலும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். எப்போதாவது தலையிடிக்கு ஒன்று குடிப்பதைப் பற்றி நான் சொல்லவில்லை. நாள் தவறாமல் குடிப்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, அக்கா சொன்ன ஆராய்ச்சிக்கு வருவோம். அது பொய்யில்லை. 2008இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக பேர்க்கிளி வளாகத்தைச் சேர்ந்த கிளாடிஸ் புளொக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்டது. 8 முதல் 11 வயதில் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டுப் பத்து வருடம் கவனிக்கப்பட்டுவந்த 242 கறுப்பின, வெள்ளையினப் பெண்பிள்ளைகள். அவர்கள் 18 முதல் 21 வயதை எட்டியபோது இரத்தத்தில் விற்றமின் சியின் அளவைப் பார்த்தார்கள், பிரஷரும் பார்த்தார்கள். விற்றமின் சி மிகக் கூடுதலாக இருந்த கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேரை விட, மேல் அமுக்கம் (உங்கள் 146/94இல் முதல் எண்) 4.66 புள்ளியும் கீழ் அமுக்கம் (இரண்டாவது எண்) 6.04 புள்ளியும் குறைவாக இருந்தன. உடற்பருமன், சாப்பாட்டில் கொழுப்பு, உப்பு என்பவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. பிரஷர் ஏறாத வயதில் உள்ள, நல்ல சுகமான பிள்ளைகளில் இது தெரிந்தது என்பதால் நானும் இந்த ஆய்வை மதிக்கிறேன்.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் குளிசை கொடுக்கவில்லை. இருந்ததை இருந்தபடி அளந்தார்கள், அவ்வளவுதான். இரத்தத்தில் விற்றமின் சி கூடுதலாக இருக்கிற பெண் யார் என்று யோசித்துப் பாருங்கள். பழமும் மரக்கறியும் அதிகம் சாப்பிடுகிறவள். அந்தப் பழத்திலும் மரக்கறியிலும் பொற்றாசியம் இருக்கிறது, மக்னீசியம் இருக்கிறது, நார் இருக்கிறது. பொற்றாசியம் சிறுநீரகம் வழியாகச் சோடியத்தை வெளியே தள்ளுகிறது. பழத்தால் வயிறு நிறைந்தால் மிக்சருக்கும் றோல்சுக்கும் இடம் குறையும். இவற்றில் எது பிரஷரைக் குறைத்தது, விற்றமின் சிக்கு அதில் எவ்வளவு பங்கு என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதை எழுதியவர்களும் பரிசோதனை முறையில் மேலும் பார்க்க வேண்டும் என்றுதான் முடித்தார்கள்.

குளிசை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. அப்படியான 29 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2012இல் கணக்குப் பார்த்தார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிகிராம், எட்டுக் கிழமை அளவு எடுத்தவர்களுக்கு மேல் அமுக்கம் சராசரியாக 3.84 புள்ளி, கீழ் அமுக்கம் 1.48 புள்ளி குறைந்தது. ஆக, கொஞ்சம் குறைக்கிறது. அதற்குக் காரணமும் சொல்லலாம். குருதிக் குழாயின் உட்சுவர் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவைச் சுரந்துதான் குழாயைத் தளர்த்தி விரியவைக்கிறது. விற்றமின் சி அந்த வாயு சுரக்க உதவுகிறது, சுரந்தது வீணாகாமலும் காக்கிறது. ஆனால் உங்கள் 94ஐ 92.5 ஆக்குகிற வேலைக்கு அதை நம்பி இருக்க முடியாது. அந்த எட்டுக் கிழமைக்கு அப்பால், மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் தடுக்கிறதா என்பதும் பார்க்கப்பட்டது. அமெரிக்காவில் இதய நோய் ஆபத்துக் கூடிய 8171 பெண்களை வைத்து ஒன்பது வருடத்துக்கு மேல் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. தினமும் 500 மில்லிகிராம் விற்றமின் சி எடுத்தவர்களுக்கு அப்படியான பலன் எதுவும் கிடைக்கவில்லை.

1000 மில்லிகிராம் எடுத்தால் இரண்டு மடங்கு பலன் வருமா என்று நினைக்கத் தோன்றும். உடம்பு அப்படி ஏற்றுக்கொள்ளாது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 75 மில்லிகிராம் என்பது அமெரிக்கக் கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து சொன்னது 45தான். 200, 400 மில்லிகிராம் என்று போகும்போதே இரத்தம் நிறைந்துவிடும். அதற்கு மேல் கொடுப்பதில் ஒரு பங்கு குடலில் உறிஞ்சப்படாமலே போகும், உறிஞ்சப்பட்டதில் மிஞ்சியது சிறுநீரோடு போகும். போகிற வழியில் கொஞ்சம், சிறுநீரகக் கல்லில் சேர்கிற ஒட்சலேற்றாக மாறும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இது நல்லதல்ல.

இந்தக் காசைச் சந்தையில் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி இருக்கிறது. மருதனார்மடத்திலோ திருநெல்வேலியிலோ ஒரு கொய்யாப்பழம் வாங்கிக் கழுவித் தோலோடு சாப்பிட்டால் அன்றையத் தேவை தாராளமாக முடிந்தது. பப்பாசிப்பழம் 100 கிராமில் 60 அளவு. தோடம்பழமும் ஏறக்குறைய அவ்வளவுதான், விலைதான் கூட. மரமுந்திரிகைப் பழத்தைக் கொட்டையை எடுத்துவிட்டு எறிந்துவிடுகிறோம், அதில் தோடம்பழத்தைப் போலப் பல மடங்கு உண்டு. முருங்கைக்காயில் பச்சையாக 140 அளவு இருக்கிறது, கறியாக்கிய பிறகும் நல்ல பங்கு மிஞ்சும்.

புளிப்பாக இருப்பதில் எல்லாம் விற்றமின் சி இருக்கும் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். பழப்புளியில் மிகச் சொற்பம். வளவில் காய்த்துக் குலுங்குகிற அரைநெல்லியிலும் அதிகம் இல்லை. பெயர் பெற்றது முழுநெல்லி. தேசிக்காயில் இருக்கிறது, ஆனால் பாதித் தேசிக்காய் பிழிந்தால் சில மில்லிகிராம்தான் வரும். பச்சைமிளகாயில் எக்கச்சக்கம், ஆனால் அதை எவ்வளவு சாப்பிட முடியும்? 1930களில் ஹங்கேரியில் அல்பேர்ட் சென்ற்-ஜோர்ஜி விற்றமின் சியைக் கிலோக் கணக்கில் பிரித்தெடுத்தது மிளகாய் இனத்தில் இருந்துதான், 1937இல் நோபல் பரிசும் வாங்கினார். வெயிலில் காயவைத்து, வறுத்து, இடித்தெடுத்த எங்கள் மிளகாய்த்தூளில் அதைத் தேட வேண்டாம். காயவைத்தலும் வறுத்தலும் விற்றமின் சியை அழித்துவிடும்.

சமையலில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். கீரையை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் விற்றமின் சியும் சேர்ந்து போகும். கழுவிய பிறகு நறுக்குங்கள். முருங்கையிலை வறையைச் சட்டி சூடானதும் போட்டு நாலு பிரட்டுப் பிரட்டி இறக்குங்கள். வல்லாரையை அவிக்காமல் சம்பலாகப் போடலாம். தேசிப்புளியைச் சொதி கொதிக்கும்போது விடாமல், அடுப்பால் இறக்கிய பிறகு விடுகிற எங்கள் வழக்கம் மிக நல்லது. இதனால் இன்னொரு நன்மை: கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்சுவதற்கு விற்றமின் சி கைகொடுக்கும். உங்கள் வயதில் மாதாமாதம் இரத்தம் போகிற பெண்களுக்கு இது பிரஷர் விஷயத்தை விடப் பெரிய காரியம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்த நன்மை கெடும், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

பழமும் மரக்கறியும் சேர்ந்த சாப்பாட்டின் பலத்துக்கு நல்ல சான்று 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த டாஷ் ஆய்வு. 459 பேர், எட்டுக் கிழமை. உப்பையும் உடல் நிறையையும் மாற்றாமல், பழம், மரக்கறி, கொழுப்புக் குறைந்த பால் என்று சாப்பாட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் அமுக்கம் 11 புள்ளியும் கீழ் அமுக்கம் 5 புள்ளியும் குறைந்தன. ஒரு குளிசைக்குச் சமமான வேலை. அக்காவிடம் சொல்லுங்கள், அவ வாசித்த ஆராய்ச்சியின் பலன் இந்தப் பக்கம்தான் கிடக்கிறது.

இனி உப்பு. ஆனையிறவு உப்பென்றாலும் கடையில் விற்கிற விலை கூடிய கல்லுப்பென்றாலும் சோடியத்தில் பெரிய வித்தியாசமில்லை. உங்கள் கடிதத்தில் மத்தியானச் சாப்பாடு பற்றி ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் பலர் காலையில் பாண், மத்தியானம் கடைச் சாப்பாட்டுப் பார்சல், நாலு மணிக்கு றோல்ஸ் அல்லது வடை, இரவு ஒரு பக்கற் நூடில்ஸ் என்று ஓட்டுகிறார்கள். பாணில் உப்பு இருப்பது நாக்குக்குத் தெரியாது, ஆனால் 100 கிராம் பாணில் ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். நூடில்ஸ் பக்கற்றின் தூளை முழுவதும் கொட்டினால் நாளுக்குரிய உப்பில் பெரும்பங்கு அதோடு முடிந்துவிடும். வீட்டில் சோற்றோடு கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். முழுதாக விடச் சொல்லவில்லை, யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொன்னால் யாரும் கேட்கப்போவதுமில்லை. கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில் மற்றக் கறிகளுக்கு உப்பைக் குறையுங்கள். இரண்டு மூன்று கிழமையில் நாக்கு பழகிவிடும்.

நிறையைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 5 அடி 2 அங்குலத்துக்கு 66 கிலோ என்றால் உடற்திணிவுச் சுட்டி 26ஐத் தாண்டுகிறது. தெற்காசியர்களுக்கு 23க்கு மேலேயே கவனம் தேவை. இரண்டு வருடத்தில் ஏறிய 8 கிலோவும் உங்கள் பிரஷரும் சம்பந்தமில்லாதவை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு புள்ளி குறையும். கல்யாணத்துக்கு முன் பட்டினி கிடந்து குறைக்கச் சொல்லவில்லை, கண்டிப்பாக வேண்டாம். பின்னேரம் அரை மணித்தியாலம் வேகமாக நடங்கள். குடிக்கிற தேத்தண்ணிகளில் சீனியைப் பாதியாக்குங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று கேட்கிறேன்: உங்களுக்கு உண்மையில் பிரஷர் இருக்கிறதா? இரத்ததான முகாமில் ஊசிக்குப் பயந்துகொண்டு, வரிசையில் நின்று, பக்கத்தில் இருந்தவளோடு கதைத்தபடி கையை நீட்டியபோது எடுத்த அளவை வைத்து முடிவு கட்ட முடியாது. கதைத்தால் ஏறும். கால் மேல் கால் போட்டால் ஏறும். சலம் முட்டியிருந்தால் ஏறும். கைக்குச் சுற்றுகிற பட்டி சின்னதாக இருந்தால், கை கொஞ்சம் பருத்தவர்களுக்கு இல்லாத பிரஷரைக் காட்டும். பாமசிக்குச் சைக்கிளில் போய் இறங்கியவுடன் பார்த்தாலும் அப்படித்தான்.

அம்மாவுக்குப் பிரஷர் என்பதால் வீட்டில் கருவி இருக்கக்கூடும். இல்லாவிட்டால் மேற்கையில் சுற்றுகிற தானியங்கிக் கருவி ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். நுரைக்கிற குளிசையை நிறுத்தி ஒரு கிழமை கழியட்டும். மாதவிடாய் வலிக்குக் குளிசை போடுகிற நாட்களும் தாண்டட்டும். பிறகு ஏழு நாள், காலையிலும் இரவிலும், சலம் கழித்துவிட்டு, கதிரையில் முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் நிலத்தில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். அதற்கு அரை மணித்தியாலம் முன்பிருந்து தேத்தண்ணியோ கோப்பியோ வேண்டாம். கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் எடுங்கள். வருவதை அப்படியே கொப்பியில் எழுதுங்கள். கூடிப்போய்விட்டது என்று பயந்து திரும்பத் திரும்ப எடுத்து, குறைந்ததை மட்டும் எழுத வேண்டாம். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியைப் பாருங்கள். 135/85க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம், ஆனாலும் உப்பு, நிறை பற்றிச் சொன்னவை நிற்கும், ஆறு மாதத்தில் ஒருக்கால் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் வைத்தியரிடம் போங்கள்.

24 வயதில் பிரஷர் உறுதியானால், பரம்பரை என்று சொல்லிவிட்டு நாங்கள் விட மாட்டோம். அம்மாவுக்கு இருப்பது ஒரு காரணமாகலாம், ஆனால் இந்த வயதில் வேறு மூலம் இருக்கிறதா என்று தேட வேண்டும். சிறுநீரக நோய் முக்கியமானது. சிறுநீரகத்துக்குப் போகிற நாடி ஒடுங்குவது இளம் பெண்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. பெருநாடியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடிக்கிற தகாயாசு என்ற நோய் ஆசியாவில் உங்கள் வயதுப் பெண்களைப் பிடிப்பது, அதில் இடக்கைக்கும் வலக்கைக்கும் பிரஷர் வேறுபடும். எனவே இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லுங்கள். இவையெல்லாம் அரிது, பயப்பட வேண்டாம். ஆனால் கண்டுபிடித்தால் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால்தான் தேடுகிறோம். தொடக்கத்தில் சிறுநீர்ச் சோதனை, இரத்தத்தில் கிரியற்றினின், பொற்றாசியம், சீனி, தைரொயிட், ஒரு ஈசிஜி என்பவை போதும். சிறுநீர்ச் சோதனைக்குப் போகிறபோது விற்றமின் சி எடுத்திருந்தால் அதை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். கூடிய அளவு விற்றமின் சி சிறுநீரில் இருந்தால், சோதனைப் பட்டி சிறுநீரில் உள்ள இரத்தத்தையும் சீனியையும் காட்டாமல் விட்டுவிடும். சிறுநீரகப் பழுதின் முதல் அடையாளமே மறைந்துபோகும்.

மெபெனமிக் அசிட், ஐபுபுரூபன், டைக்ளோபெனாக் போன்ற வலிக் குளிசைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றக்கூடியவை. மாதத்தில் ஓரிரண்டு நாள் என்றால் நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். ஐந்தாறு நாள், நாளுக்கு மூன்று என்று போனால் அந்த வலிக்கே வைத்தியரைப் பார்க்க வேண்டும். வெந்நீர்ப் போத்தல் ஒத்தடமும் சாதாரண பரசிற்றமோலும் பலருக்குப் போதுமாக இருக்கிறது. தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரம் அவித்துக் குடிக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள், தொடர்ந்து குடித்தால் பொற்றாசியத்தைக் குறைத்துப் பிரஷரை ஏற்றும். கல்யாண நாளில் மாதவிடாய் வராமல் தள்ளிப்போட யாராவது குளிசை தருவார்கள். சிலர் அதற்குக் கருத்தடைக் குளிசையையே கொடுப்பதுண்டு. ஈஸ்திரஜன் கலந்த குளிசை பிரஷர் உள்ளவர்களுக்கு ஆகாது. உங்கள் அளவைச் சொல்லாமல் எதையும் வாங்காதீர்கள். முகம் வெளிக்க என்று விற்றமின் சி ஊசி ஏற்றுகிற இடங்களுக்கும் போக வேண்டாம். நரம்பு வழியாக அதிகம் ஏற்றினால் சிறுநீரகம் பழுதானவர்கள் இருக்கிறார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு யாராவது, கர்ப்பத்தில் பிரஷர் வராமல் இருக்க விற்றமின் சி எடு என்று சொல்லக்கூடும். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரித்தானியாவில் 2,400க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு 1000 மில்லிகிராம் விற்றமின் சியும் விற்றமின் ஈயும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. கர்ப்பகாலப் பிரஷரான முன்சூல்வலிப்பு குறையவில்லை. நிறை குறைந்த பிள்ளைகள் பிறந்தது கூடியிருந்தது. 2010இல் அமெரிக்காவில் ஏறத்தாழ பத்தாயிரம் கர்ப்பிணிகளில் பார்த்ததிலும் பலனில்லை. உண்மையில் உதவுவது, கருத்தரிக்க முன்பே பிரஷரைத் தெரிந்து வைத்திருப்பது. கல்யாணம் முடிந்ததும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் புதுமணத் தம்பதியருக்கென்று சோதனைகள் இருக்கின்றன, போலிக் அமிலமும் தருவார்கள். கொப்பியில் எழுதிய அளவுகளை அங்கே காட்டுங்கள்.

மாப்பிள்ளை வீட்டைப் பற்றிய பயம் உங்கள் கடிதத்தில் கடைசியில்தான் வந்தது, ஆனால் முழுக் கடிதத்தையும் அதுதான் எழுத வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். இன்னும் உறுதியாகாத ஒன்றை ஊருக்குச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஏழு நாள் அளந்து முடியுங்கள். உறுதியானால் அவரிடம் நீங்களே சொல்லுங்கள், மூன்றாம் ஆள் மூலம் வேண்டாம். பிரஷர் உள்ள பெண்கள் ஒழுங்காக மருந்தெடுத்து, நல்லபடி பிள்ளை பெற்று வீட்டுக்குப் போவது எங்கள் கிளினிக்குகளில் வழமையான விஷயம். சிக்கலில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் மறைத்துவைத்துக் குளிசை போட்டவர்கள், அல்லது போடாமல் விட்டவர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போய் அவருடைய பிரஷரையும் பாருங்கள். முப்பது வயதுக்கு முன் ஆண்கள் பிரஷர் பார்க்கிற வழக்கமே இங்கே இல்லை.

வைத்தியரிடம் போகும்போது கொப்பி, நுரைக்கிற குளிசையின் ரியூப், வலிக் குளிசையின் அட்டை எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். அதற்கிடையில் எப்போதாவது 180/120 என்று காட்டினால், அல்லது கடும் தலையிடி, கண் மங்கல், நெஞ்சு நோ, மூச்சு முட்டல் வந்தால், ஏழு நாள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இரவென்றாலும் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.